ஒரே ஒரு பங்கானாலும்

தடை செய்யப்பட்ட பத்திரம் என்றால் என்ன என்று எழுதி முடிப்பதற்குள் கான் லீ-யுன்னுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சாதாரணமாகப் பார்த்தால் பெரிய விஷயமே இல்லை. இந்தக் கம்பெனியின் பங்கை வாங்காதே, விற்காதே, அவ்வளவுதான். ஆனால் அதையே ஒப்பந்தத்தில் எழுத உட்கார்ந்தால், பங்கு மட்டும்தானா, கடன் பத்திரமும் சேருமா, நாளைக்குப் பங்காக மாறப்போகிற கடன் பத்திரத்தை எந்தக் கணக்கில் வைப்பது, பெண்டாட்டி பெயரில் இருந்தால், மாமனார் பெயரில் இருந்தால் என்று வால் நீண்டுகொண்டே போகும். அந்த வாலை வெட்டுவதற்குத்தான் தைபேயில் லீ-யுன் மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷமாக அவள் வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் வெட்டினால் இன்னொரு பக்கம் வளர்கிறது.

அவள் வேலை பார்த்தது அடுத்தவர் பணத்தைப் பங்குச்சந்தையில் போட்டுப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில். சட்டப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அந்த வருஷம் மாலுமிகளின் ஓய்வூதிய நிதி அவர்களிடம் வந்தது. பெரிய பணம். ஏற்கெனவே ஓரிடத்தில் சூடு பட்டுவிட்டு வந்த பணம். அதனால் நிதியின் வக்கீல் ஃபூ, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். எட்டு வரைவு போய் ஒன்பதாவது வரைவு மேசைக்கு வந்திருந்தது. மறுநாள் காலையில் கையெழுத்து.

"கான் வக்கீலம்மா, இந்தக் கடைசி வரி எதுக்கு?" என்றார் ஃபூ.

"எந்த வரி?"

"இதோ. 'ஒரு லாட்டுக்குக் குறைவாக இருப்பது இதில் சேராது. அதை விருப்பம்போல் வைத்திருக்கலாம், விற்கலாம்.' இந்த வரி."

ஒரு லாட் என்றால் ஆயிரம் பங்கு. லீ-யுன் சலிப்போடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஊர்ல பாதி வீட்ல ஒரு பங்கு, ரெண்டு பங்குன்னு இருக்கும் சார். பங்குதாரர் கூட்டத்துக்குக் குடுக்கிற குடை, துண்டு, சோயா சாஸுக்காக வாங்கிப் போட்டது. அவங்களையெல்லாம் போய் நாம எதுக்கு..."

"போன கம்பெனிக்காரங்களும் சின்னது, சின்னதுன்னுதான் ஆரம்பிச்சாங்க. நிதி எந்தப் பங்கை வாங்கப்போகுதுன்னு தெரிஞ்சுகிட்டு, முந்தின நாளே பொண்டாட்டிங்க பேர்ல வாங்கிப்போட்டாங்க. கடல்ல முப்பது வருஷம் கெடந்தவனோட காசு அது. எனக்குச் சின்னதும் வேணாம், பெரிசும் வேணாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்கு லீ-யுன்னிடம் நல்ல பதிலும் இருந்தது. ஒரு பங்கை வைத்துக்கொண்டு எவனும் யாரையும் ஏமாற்ற முடியாது என்பதை அரை மணி நேரம் பேசினால் ஃபூ ஒத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் அந்த அரை மணி நேரம் அவளிடம் இல்லை. மதியம் வாங்கிய சோற்றுப் பெட்டி திறக்கப்படாமல் ஓரத்தில் கிடந்தது. பன்றிக்கறித் துண்டின் கொழுப்பு உறைந்து வெள்ளையாகியிருக்கும். முதுகு வலித்தது.

"சரி, எடுத்துடலாம்," என்றாள்.

தன் பேனாவாலேயே அந்த வரியை அடித்தாள். அடித்த இடத்துக்கு மேலே, கையோடு கையாக, 'எத்தனை சிறிய அளவானாலும், ஒரே ஒரு பங்கானாலும்' என்று எழுதினாள். ஃபூ படித்துப் பார்த்துத் தலையாட்டினார். சோறு ஆறிப்போயிருந்தாலும் அன்று அவள் அதை முழுக்கச் சாப்பிட்டாள். அந்த ஒப்பந்தம் முடிந்தது என்ற நினைப்பே பெரிய கறிக்குழம்பாக இருந்தது.

ஒப்பந்தத்தோடு, நிதி வாங்கக்கூடிய கம்பெனிகளின் பட்டியல் ஒன்றும் இருந்தது; அதில் உள்ள கம்பெனிகளின் பங்கு ஊழியர் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதை அறிவித்துவிட்டு அசையாமல் வைத்திருக்க வேண்டும். வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. இது எல்லாருக்கும் சுற்றறிக்கையாகப் போனது. சட்டப் பிரிவின் சுற்றறிக்கையை ஊழியர்கள் படிக்கும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆனால் தூ பெய்-ஷான் படித்தாள். வாங்கி விற்ற பங்குகளுக்குக் கணக்கு முடிக்கும் செட்டில்மென்ட் பிரிவில் பத்துப் பதினைந்து வருஷமாக இருப்பவள். தலை நிமிராமல் வேலை செய்வாள். அவள் புருஷன் யென் குவோ-பின் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன். அச்சகத்தை மூடிய பிறகு வேறு வேலை அமையவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவனுக்கு உடம்பு கூசியது. அதனால் பங்குதாரர் அன்பளிப்பு வேட்டையில் இறங்கினான். கம்பெனிக்கு ஒரு பங்கு என்று நூற்றுக்கணக்கில் வாங்கிப் போட்டான். வசந்தம் வந்தால் போதும். பங்குதாரர் கூட்டத்துக்குக் கைப்பேசியில் ஓட்டுப் போடுவான், வரிசையில் நிற்பான், சாயங்காலம் ஸ்கூட்டர் நிறையச் சாமானோடு வருவான். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், கத்திரிக்கோல், கடற்பாசிப் பொட்டலம். அந்த வீட்டில் சோப்புக்குக் காசு கொடுத்து வருஷக்கணக்காகிறது. பெய்-ஷானின் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு, நானும் கொண்டுவந்தேன் என்று அவன் மேசைமேல் வைக்கும் பொருள் அதுதான். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பெய்-ஷான் ஒரு நாளும் சிரித்ததில்லை.

மே மாத ஆரம்பத்தில், தேநீர் அறையில் லீ-யுன் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பெய்-ஷான் பக்கத்தில் வந்து நின்றாள்.

"லீ-யுன் அக்கா, ஒரு நிமிஷம்."

"சொல்லு. நிமிஷம்னா நிமிஷம்தான். மேல மீட்டிங் இருக்கு."

"எங்க வீட்டுக்காரர் பேர்ல கொஞ்சம் பங்கு இருக்கு. புது லிஸ்ட்ல இருக்கிற கம்பெனிங்களும் அதுல வருது. எல்லாமே ஒவ்வொரு பங்குதான் அக்கா. குடைக்கும் சட்டிக்கும் வாங்கினது. அதை என்ன பண்றதுன்னு..."

"ஒவ்வொரு பங்கா?" லீ-யுன்னுக்குக் கொட்டாவி வந்தது. "வித்துத் தொலைக்கச் சொல்லு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"விக்கலாமா? சர்க்குலர்ல விக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே?"

"அது லாட் கணக்குல வச்சிருக்கிறவங்களுக்கு. ஒரு லாட்டுக்கு உள்ள இருந்தா வச்சுக்கலாம், விக்கலாம். நானே எழுதின வரி, எனக்குத் தெரியாதா?"

பொய் சொல்லவில்லை அவள். மனசார நம்பித்தான் சொன்னாள். முதல் வரைவிலிருந்து எட்டாவது வரைவு வரை அந்த வரி அவளோடு இருந்தது. அவளே எழுதியது, அவளுக்குப் பிடித்தது. ஒன்பதாவதில் அதை அடித்தது ஒரு சாயங்காலத்தின் கடைசி வேலை. ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு வரும் வியாதி இது. கையெழுத்தானது காகிதத்தில் இருக்கும்; மண்டைக்குள் பழைய வரைவு ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். கூட வேலை பார்ப்பவள் வெந்நீர்க் குழாயருகில் கேட்டால் யார் புரட்டுகிறார்கள்?

பெய்-ஷான் நிம்மதியாகப் போனாள். அன்று மத்தியானமே குவோ-பின் பட்டியலில் இருந்த முப்பது சொச்சம் கம்பெனிப் பங்கையும் விற்றான். அதில் ஒன்று அந்த வருஷம் நல்ல கனமான குழம்புச் சட்டி கொடுப்பதாக அறிவித்திருந்தது. அந்த ஒரு பங்கை விற்க மட்டும் அவன் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டானாம்.

ஜூலையில் காலாண்டுச் சோதனை நடந்தது. மேனேஜர் தெங் லீ-யுன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நம்ம தலையெழுத்தைப் பாருங்க லீ-யுன். மொதல் காலாண்டுலயே மாட்டிக்கிட்டோம். செட்டில்மென்ட்ல தூ பெய்-ஷான் இருக்காங்கல்ல, அவங்க வீட்டுக்காரர் லிஸ்ட்ல இருக்கிற பங்கை ஒரே நாள்ல வித்துத் தள்ளியிருக்கார். முந்தா நாள் அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஆமாம்னு ஒத்துக்கிட்டாங்க."

"எவ்வளவு?"

"ஒவ்வொண்ணும் ஒரு பங்கு." தெங் சிரித்தார். சிரிப்பில் சத்தே இல்லை. "சின்னதுதானேன்னு நான் ஃபூகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல? ஒரே ஒரு பங்கானாலும்னு எழுதிக் குடுத்திருக்கோம். நீங்கதான் எழுதினீங்க. தப்புப் பண்ணினவங்க பேரைக் குடுத்து, வேலையை விட்டு எடுத்தாகணும். இல்லைன்னா நிதியை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. பாவம்தான். என்ன பண்றது? கடிதத்தைத் தயார் பண்ணுங்க."

லீ-யுன் தன் அறைக்கு வந்து ஒப்பந்தத்தைத் திறந்தாள். விளக்கப் பகுதி. தடை செய்யப்பட்ட பத்திரம். கடைசி வரியைத் தேடினாள். இல்லை. இருந்த இடத்தில் அவளுடைய இன்னொரு வரி இருந்தது. வெந்நீர்க் குழாய், கொட்டாவி, நானே எழுதின வரி என்று தான் பீற்றிக்கொண்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பிறகு பெய்-ஷானைத் தேடிப் போனாள்.

பெய்-ஷான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள் போலிருக்கிறது. லீ-யுன்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்க சொல்லித்தான் வித்தோம்னு நான் யார்கிட்டயும் சொல்லல அக்கா," என்றாள் மெதுவாக.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவாங்களா? எதுலயாவது எழுதியிருக்கா? நம்பினாலும் உங்களையும் சேர்த்துத்தானே இழுப்பாங்க. எனக்கு என்ன லாபம்?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவர்தான் ரெண்டு நாளா சோறு தொடல. நான் கொண்டாந்த சோப்பால உன் வேலை போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கார். வாடகை இருக்கு, பொண்ணு படிப்பு இருக்கு. இந்த வயசுல என்னை யார் எடுப்பாங்க, சொல்லுங்க."

மன்னிச்சுக்கோ என்று சொல்ல லீ-யுன் வாயெடுத்தாள். அது எவ்வளவு மலிவாக இருக்கும் என்று தோன்றி மென்று விழுங்கிவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். பேசாமல் இருந்தால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். வீட்டுக் கடன் அப்போதுதான் முடிகிறது. ஒரு கடிதம் எழுத வேண்டும். இதைவிடக் கொடிய கடிதங்களையெல்லாம் அவள் எழுதியிருக்கிறாள். பேசாமல் இருப்பது அவளுக்கு அநியாயமாகக்கூடத் தோன்றவில்லை, ஓய்வாகத் தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அன்றும் இப்படித்தான், முதுகு வலிக்கிறது என்று ஒரு வரியை அடித்தாள்.

ஃபூவின் அலுவலகத்துக்கு லீ-யுன்னும் தெங்கும் போன அன்று நல்ல மழை. வாசலில் குடை வைக்கும் தொட்டி நிரம்பியிருந்தது. லீ-யுன் தன் குடையைச் செருக இடம் தேடும்போது பார்த்தாள். ஒன்றில் கப்பல் கம்பெனிப் பெயர், ஒன்றில் சிமென்ட், ஒன்றில் வங்கி. காசு கொடுத்து வாங்கிய குடை அந்தத் தொட்டியில் அவளுடையது ஒன்றுதான்.

"இதுல உங்களுது எது சார்?" என்று கேட்டாள், உள்ளே போய் உட்கார்ந்ததும்.

"நீலம். ஏன்?"

"நீலத்துல இருக்கிற கம்பெனி நம்ம லிஸ்ட்ல இருக்கு."

ஃபூ ஒரு நொடி விழித்தார். "என் சம்சாரம் வாங்கினது. ஆனா இந்த ஒப்பந்தம் உங்க ஆளுங்களைத்தான் கட்டுப்படுத்தும் வக்கீலம்மா, என்னைக் கட்டுப்படுத்தாது."

"தெரியும். நான்தானே எழுதினேன்." அவளுக்குச் சண்டை போடும் தெம்பு இல்லை. "உங்களைக் குத்திக்காட்டச் சொல்லல சார். நீங்க கெட்டவர் இல்ல, உங்க சம்சாரமும் இல்ல. அந்த மாதிரி வீடுதான் இந்த ஊரே. அன்னிக்கு இதை உங்ககிட்ட அரை மணி நேரம் பேசியிருக்கணும், பேசல. இன்னிக்குப் பேசறேன்."

பேசினாள். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னாள். பழைய வரியைத் திரும்பச் சேர்க்கலாம் என்று ஃபூ கடைசியில் ஒத்துக்கொண்டார்.

"ஆனா இன்னிலேருந்துதான். நடந்தது நடந்ததுதான். எனக்கு மேல இருக்கிறவங்களுக்கு நான் ஒரு பேர் குடுத்தாகணும்."

தெங் இதற்காகவே காத்திருந்தவர் போலக் கடிதத்தை எடுத்து மேசையில் நகர்த்தினார். தூ பெய்-ஷான் என்று இருந்தது.

"அந்தப் பேர் தப்பு," என்றாள் லீ-யுன். "பதினாலாவது ஷரத்தைப் பாருங்க. சட்டப் பிரிவைக் கேட்டு அதன்படி நடந்தவர் மேல் குற்றமில்லை, அப்படிச் சொன்னவர் மேல்தான் குற்றம். பெய்-ஷான் என்னைக் கேட்டா. விக்கச் சொன்னது நான்."

தெங்கின் முகம் போன போக்கைப் பார்க்காமல் அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுக்கு ஏதாவது ஆதாரம்?" என்றார் ஃபூ.

"ஒத்துக்கிறவளுக்கு எதுக்கு சார் ஆதாரம்?"

ஃபூ பேனாவை எடுத்தார். உடனே எழுதவில்லை. "நீங்க போயிட்டா இவங்க அடுத்து அனுப்புறவன் எப்படியிருப்பானோ," என்று முணுமுணுத்துக்கொண்டுதான் பெய்-ஷான் பெயரை அடித்து லீ-யுன் பெயரை எழுதினார்.

டாக்ஸியில் தெங் பொரிந்து தள்ளினார். "ஒரு வார்த்தை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் லீ-யுன்."

"சொல்லியிருந்தா பேச விட்டிருப்பீங்களா?"

கொஞ்ச தூரம் போன பிறகு அவர், "உங்க கடனுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார். தெரியல என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. பயமாக இருந்தது. தன்னைப் பற்றிப் பெருமையாக எதுவும் தோன்றவில்லை. ஒரு தூக்கம் போட்டால் தேவலை என்றுதான் இருந்தது.

மாதக் கடைசியில் அவள் அறையைக் காலி செய்தாள். திருத்திய ஒப்பந்தத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்பியதுதான் கடைசி வேலை. பெய்-ஷான் வந்து பெட்டி கட்ட உதவினாள். கீழே கொண்டுபோக ஆள் வருது அக்கா என்றாள்.

வந்தது குவோ-பின். லீ-யுன் அவனை அன்றுதான் பார்க்கிறாள். நெட்டையான ஆள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. மேலே போட்டிருந்த மழைக் கோட்டின் முதுகில் ஏதோ உரக் கம்பெனியின் பெயர். பெட்டியையும் பூந்தொட்டியையும் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டில் நின்றான். அவள் தன் மனைவிக்காகப் பேசினாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. மிச்சத்தைப் பெய்-ஷான் சொல்லவில்லை.

"உங்களுக்குக் கோயில் கட்டணும் மேடம்," என்றான். "ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்த ரூலை எழுதின மகராசன் யாரு? ஒரு பங்கை வச்சிருக்கிறவனைத் திருடன்னு எழுத அவனுக்கு எப்படிக் கை வந்துச்சு? அவன் வீட்ல சோப்பே போட மாட்டானா?"

"சும்மா இருங்க," என்று பெய்-ஷான் அவன் கையை இழுத்தாள்.

"நான்தான் எழுதினேன்," என்றாள் லீ-யுன்.

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்று கதவு திறந்தது. குவோ-பின் அப்படியே நின்றான். கதவு தானாக மூடப்போனபோதுதான் காலை வைத்துத் தடுத்தான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கட்டினான். சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னான். பிறகு இருக்கையைத் தூக்கி உள்ளேயிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத குடை ஒன்றை எடுத்தான்.

"குடை கொண்டாந்தீங்களா மேடம்?"

"இல்ல."

"இந்தாங்க. நல்ல கம்பி. காத்துக்கு மடங்காது."

வாங்கிக்கொண்டாள். உறையில் இருந்த பெயர் பட்டியலில் மூன்றாவதாக வரும். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அடுத்த வருஷத்துக்கு மறுபடி வாங்குங்க," என்றாள். "ஒரு லாட்டுக்கு உள்ள இருந்தா வச்சுக்கலாம், விக்கலாம். திரும்ப எழுதிட்டேன்."

குவோ-பின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவளை ஒருமுறை பார்த்தான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"எழுதினது அதுல இருக்கான்னு பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன்," என்றாள்.

அவர்கள் போன பிறகு குடையை விரித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்து, காலையில் அனுப்பிய ஒப்பந்தத்தைத் திறந்து, விளக்கப் பகுதியின் கடைசி வரிக்குப் போனாள். வரி இருந்தது. இரண்டு நிறுத்தம் கழித்து மறுபடியும் திறந்து பார்த்தாள்.